நின்றுபோன கார் யாருடைய பொறுப்பு?

2024 அக்டோபர் மத்தியில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து கார்கள் ஒன்றோடொன்று மோதியபடி வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்ட காணொளியை நாடே பார்த்திருந்தது. அந்த நினைவு மங்காதவர்கள் தங்கள் கார்களை மேட்டில் ஏற்றி நிறுத்தியதில் வியப்பில்லை. அபராதம் விதிக்கப்படுவதாகச் செய்தி பரவியது. போக்குவரத்துக் காவல் துறை அதை மறுத்தது. மக்களின் அச்சம் நியாயமானது, காவல் துறை காட்டிய நெகிழ்வும் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால், அந்த விவாதத்தில் ஒரு கேள்வி பெரிதாக எழவில்லை. பாலத்தின் ஓரம் முழுவதும் நிரம்பியிருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கார் ஒன்று அதே பாலத்தில் பழுதானால் எங்கே ஒதுங்கும்?

கார் பழுதாவதை உரிமையாளரின் சொந்தத் துரதிர்ஷ்டமாகவே நாம் பார்க்கிறோம். ‘வண்டியை ஒழுங்காகப் பராமரித்திருக்க வேண்டும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி கடந்துபோகிறோம். ஓடும் சாலையில் ஒரு வாகனம் நின்ற கணத்திலிருந்து அது பொதுப் பாதுகாப்பு சார்ந்த விஷயமாகிவிடுகிறது என்பது நம் மனதில் பதிவதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையின்படி, 2022இல் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். மோதல் வகைகளில் முதலிடம் பின்னாலிருந்து இடிப்பதற்குத்தான். மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அது. நிற்கும் வாகனத்தின் மீது மோதுவது தனி வகையாகவே கணக்கிடப்படுகிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது.

ஒதுங்க இடமில்லாத சாலை

சென்னையின் தெற்கு வாசலான ஜிஎஸ்டி சாலையை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தைக் கடந்ததும் பெருங்களத்தூரில் மதுரவாயல் புறவழிச்சாலை வந்து சேர்கிறது. அடுத்து வண்டலூரில், மீஞ்சூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை இணைகிறது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துப் போக்குவரத்தின் சுமையும் இந்தப் பகுதியில் வந்து குவிந்துவிட்டது. விரைவுச் சாலையின் வேகத்தில் பழகிவந்த வாகனமும், நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று ஊரும் நகரப் பேருந்தும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் பெருங்களத்தூரில் ஒரே ஒரு கார் நடுத்தடத்தில் நின்றுபோனால், அதன் விளைவு தாம்பரம் சானடோரியம் வரை தெரியும்.

நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில் பழுதான வாகனம் ஒதுங்குவதற்கென்று விடப்படும் அகலம் அலங்காரத்துக்காக விடப்படுவதல்ல. அது சாலையின் உயிர்நாடி. இங்கே அந்த ஓரத்தடத்தை ஷேர் ஆட்டோக்களும், தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்துகளும், தள்ளுவண்டிக் கடைகளும், விடுமுறை நாள்களில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வரும் வாகனங்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. எங்கே ஓரம் காலியாக இருக்கிறதோ, அங்கே எதிர்த்திசையில் இருசக்கர வாகனங்கள் வருகின்றன. மேம்பாலங்களின் நிலை இன்னும் மோசம். 2022 மே மாதம் திறக்கப்பட்ட மேடவாக்கம் மேம்பாலத்தின் தாம்பரம்-வேளச்சேரி பகுதி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. அதன் நடுவில் டயர் வெடித்தால், முன்னும் பின்னும் ஒரு கிலோமீட்டருக்கு இறங்க வழியில்லை.

ஓரத்தடத்தை இழப்பதன் விலை என்ன என்பதை பிரிட்டன் அனுபவித்தே கற்றுக்கொண்டது. நெரிசலைக் குறைக்கிறோம் என்று அங்கே சில விரைவுச் சாலைகளின் ஓரத்தடத்தையும் ஓடுதடமாக மாற்றினார்கள். மின்னணுப் பலகைகளும் கேமராக்களும் நின்றுபோன வாகனத்தைக் கண்டறிந்து தடத்தை மூடிவிடும் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை. பழுதாகி நின்ற கார்களில் இருந்தவர்களும், அவற்றிலிருந்து இறங்கி நின்றவர்களும் இறந்த நிகழ்வுகள் பெரும் சர்ச்சையாக வெடித்தன. 2023 ஏப்ரலில், இத்தகைய புதிய சாலைகளை இனி அமைப்பதில்லை என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அங்கே திட்டமிட்டுப் பறிக்கப்பட்ட ஓரத்தடம் இங்கே யாரும் திட்டமிடாமலே காணாமல் போயிருக்கிறது. அதனாலேயே அதைப் பற்றிக் கேள்வி கேட்க ஓர் அலுவலகமும் கிடைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 122ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளைவிக்கும் வகையில் வாகனத்தைப் பொது இடத்தில் நிற்க விடக் கூடாது என்கிறது. 127ஆம் பிரிவின்படி, பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வாகனத்தை இழுத்துச்செல்லக் காவல் அதிகாரி உத்தரவிடலாம். போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனடியாகவே அகற்றலாம். இழுத்துச்செல்லும் செலவு உரிமையாளரைச் சேர்ந்தது. 201ஆம் பிரிவோ பழுதான வாகனத்தைச் சாலையில் நிறுத்திவைத்தால் மணிக்கு 50 ரூபாய் அபராதம் என்று முன்பு சொன்னது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 500 ரூபாய் ஆக்கியது.

இந்தப் பிரிவுகள் அனைத்தும் நின்ற வாகனத்தை ஒரு குற்றமாக அல்லது ஒரு பொருளாகப் பார்க்கின்றன. அதற்குள்ளோ, அதன் அருகிலோ இருக்கும் மனிதர்களை எவ்வளவு நேரத்தில், யார் வந்து பாதுகாப்பது என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடையாது. 

அந்த விடை சுங்கச்சாவடி ஒப்பந்தங்களில் ஓரளவு இருக்கிறது. கட்டணம் வசூலிக்கும் தேசிய நெடுஞ்சாலையில் ரோந்து வாகனம், ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவை எப்போதும் தயாராக இருக்க வேண்டும். 1033 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். முன்பெல்லாம் சுங்கச்சாவடியில் தரும் ரசீதிலேயே அவசர உதவி எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கையில் ரசீது வாங்குவோர் அருகிவிட்டனர். வரிசை குறைந்தது நல்லதுதான். ஆனால், நாம் கொடுக்கும் பணத்துக்கு ஈடாக என்ன சேவை கிடைக்க வேண்டும் என்பதை நினைவூட்டிய அந்தத் துண்டுத்தாளும் சேர்ந்தே மறைந்துவிட்டது. பணம் கழிந்ததைச் சொல்லும் குறுஞ்செய்தியிலேயே 1033 என்ற நான்கு இலக்கங்களையும் சேர்த்து அனுப்புவதற்கு என்ன செலவாகிவிடும்?

இதில் தென்சென்னைப் புறநகருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சுங்கச்சாவடி இருப்பது செங்கல்பட்டுக்குச் சற்று முன்னே, பரனூரில். மிக அதிகமான வாகனங்கள் ஓடும் தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பகுதிகள் அதற்கு வெகு முன்னரே வந்துவிடுகின்றன. தாம்பரம்-வேளச்சேரி சாலையும் பல்லாவரம்-துரைப்பாக்கம் ஆரச்சாலையும் மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் பொறுப்பில் உட்புறச் சாலைகள். போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது 2022 ஜனவரியில் தொடங்கிய தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம். ஒரு கார் ஜிஎஸ்டி சாலையில் இருமத் தொடங்கி முடிச்சூர் சாலையில் திரும்பி நின்றால், பத்து நிமிடத்துக்குள் அது மூன்று அமைப்புகளின் எல்லையைத் தொட்டிருக்கும். மூன்றில் எதற்கும் அதை அப்புறப்படுத்துவது முதல் வேலையல்ல. தனியார் இழுவை வண்டிக்காரர் இரவு பதினொரு மணிக்குக் கேட்கும் தொகைதான் அங்கே சட்டம்.

மதுராந்தகத்தை அடுத்த மேல்மருவத்தூரில்தான், 2021 டிசம்பரில், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. இதே நெடுஞ்சாலையில் தொடங்கிய அந்தத் திட்டம் போற்றத்தக்கது. அடிபட்டபின் காப்பாற்ற இவ்வளவு முனைப்புக் காட்டும் மாநிலம், அடிபடுவதற்கு முந்தைய பதினைந்து நிமிடங்களுக்கும் ஓர் ஏற்பாடு செய்ய முடியாதா? பண்டிகைக் காலங்களில் மட்டுமாவது பெருங்களத்தூரிலும் கூடுவாஞ்சேரியிலும் இரண்டு இழுவை வண்டிகளை நிறுத்தி, அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரை கட்டணமின்றி இழுத்துவிட்டால், நெரிசலில் வீணாகும் டீசலின் விலையிலேயே அந்தச் செலவு ஈடாகிவிடும் என்பது என் கணிப்பு.

அந்தச் சில நிமிடங்கள்

அரசு செய்ய வேண்டியது ஒருபுறமிருக்க, ஓட்டுநர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவையும் பரவலாகத் தெரியவில்லை. ஓட்டுநர் பள்ளிகளுக்கான பாடத்திட்டத்தில் வாகன இயக்கம், பழுது பற்றிய பகுதி காகிதத்தில் இருக்கிறது. நடைமுறையில் ‘எச்’ போடக் கற்றுக்கொண்டால் உரிமம் கைக்கு வந்துவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் லட்சக்கணக்கில் கார் செய்து உலகுக்கு அனுப்பும் வட்டாரம் இது. வண்டியைப் பரிசோதிக்க ஒரகடத்தில் தேசிய அளவிலான ஆய்வு மையமே இருக்கிறது. வண்டி நின்றால் என்ன செய்வதென்று ஓட்டுபவரைப் பரிசோதிக்க எதுவும் இல்லை.

ஓடும்போது இன்ஜின் அணைந்துவிட்டால் பலரும் பதற்றத்தில் சாவியை முழுவதுமாகத் திருப்பி எடுத்துவிடுகிறார்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. இன்ஜின் அணைந்தாலும் பிரேக் பிடிக்கும். ஆனால் ஓரிரு முறை விட்டு விட்டு மிதித்தால் அது கெட்டியாகிவிடும். எனவே, உருளும் வேகம் தீர்வதற்குள் இடது ஓரத்தை நோக்கித் திருப்பி, ஒரே சீராக மிதித்து நிறுத்துவதே சரி. டயர் காற்று இறங்கியிருந்தால், ரிம் நசுங்கும் என்று நடுச்சாலையிலேயே நிறுத்துவோர் இருக்கிறார்கள். ரிம்முக்கு விலை உண்டு, வாங்கிக்கொள்ளலாம்.

வண்டி நின்றதும் நான்கு விளக்குகளையும் சிமிட்டவிட்டு, எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கம்பி இருந்தால் அதற்கு அப்பால் சென்று நிற்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று கைகாட்டுவது, டிக்கியைத் திறந்துவைத்துப் பொருள் தேடுவது, வலப்பக்க டயரைச் சாலைப் பக்கம் குனிந்து மாற்றுவது ஆகிய மூன்றும் நம் சாலைகளில் அன்றாடம் காண்பவை. மூன்றுமே உயிருக்கு உலைவைப்பவை. வலப்பக்க டயரென்றால், உதவி வரும்வரை காத்திருப்பதில் வெட்கமேதும் இல்லை. தவிர, இப்போது பல கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் டியூப்லெஸ் டயருக்கான பழுதுநீக்கும் பெட்டியும் இருந்தால் மாற்றுச் சக்கரம் தேவையில்லை என்று 2020இல் விதி தளர்த்தப்பட்டது. தன் வண்டியில் அது இருக்கிறதா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவைப்பது நல்லது; படாளத்தில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

காரோடு கொடுக்கப்படும் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் பெரும்பாலான வண்டிகளில் உறை பிரியாமல் கிடக்கிறது. வண்டிக்கு 50 மீட்டர் பின்னால், வேகச் சாலையானால் இன்னும் தள்ளி, அதை வைக்க வேண்டும். ஆனால், அதை வைக்க நடந்துபோவதும் ஆபத்தான வேலை என்பதை மறைக்கக் கூடாது. ஸ்பெயினில், முக்கோணம் வைக்கப்போனவர்கள் வாகனம் மோதி இறப்பதைத் தடுக்கவே, காரின் கூரையில் கையை நீட்டி ஒட்டவைக்கும் ஒளிரும் விளக்கை 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். பிரான்சில் 2008 முதல் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி காரில் இருந்தாக வேண்டும். நம்மூர்ச் சந்தையில் அத்தகைய மேலங்கி ஒரு முறை கார் கழுவும் கூலியைவிட மலிவாகவே கிடைக்கிறது. நடந்துபோவதானால், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி, ஓரத்தின் ஓரமாக நடக்க வேண்டும். பாலத்தின் மீதோ, இருளான வளைவிலோ அது முடியாதென்றால், முக்கோணத்தை விட்டுவிட்டு உயிரைப் பார்ப்பதே அறிவுடைமை.

லாரி ஓட்டுநர்களிடம் இதற்கு ஒரு பழைய மரபு உண்டு. வண்டி நின்றால் சாலையோர மரத்திலிருந்து தழையை ஒடித்துப் பின்னால் சொருகிவைப்பார்கள். சுற்றிலும் கல் அடுக்குவார்கள். பகலில் அந்தத் தழை தூரத்திலிருந்தே சேதி சொல்லிவிடும். இரவில் அது கண்ணுக்குத் தெரியாது. வண்டி கிளம்பியபின் கற்களை அப்படியே விட்டுவிட்டுப் போவதோ, அடுத்து வரும் பைக்காரருக்கு எமன். இன்னொரு பக்கம், நான்கு விளக்கையும் சிமிட்டுவதற்கு நாம் புதுப்புது அர்த்தங்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்: சந்திப்பில் நேராகப் போகிறேன், மழையில் ஓட்டுகிறேன், டீ குடிக்க இரண்டு நிமிடம் நிறுத்தியிருக்கிறேன். ஒரு சமிக்ஞைக்கு இத்தனை பொருள் இருந்தால், உண்மையாகவே நின்றுபோனவரின் விளக்கை யார் நம்புவார்கள்?

நீரும் இன்ஜினும்

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரைமீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அப்போது வீட்டு வாசலில் நின்ற கார்களில் பல, வெள்ளத்தால் கெட்டதைவிட, வடிந்தபின் உரிமையாளர் அவசரப்பட்டதால்தான் அதிகம் கெட்டிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துவிடும். அதன்பின் இன்ஜினையே மாற்ற வேண்டியதுதான். தண்ணீரில் ஓட்டும்போது அணைந்துபோன வண்டிக்கும் இதே விதி பொருந்தும்: மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. வழக்கமான விரிவான காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். நீர் புகுந்த இன்ஜினை முடுக்கியதால் வந்த சேதம் பொதுவாக அடங்காது. அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்று தனியே ஒரு கூடுதல் பிரிவை எடுத்திருக்க வேண்டும். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது ஏரிக்கரையில் குடியிருப்பவருக்கு இதைச் சொல்லும் முகவர்கள் குறைவு. மின்சார கார்களையும் தானியங்கி கியர் கார்களையும் கயிறு கட்டிச் சக்கரம் உருள இழுத்தால் வேறு சேதம் வரும். அவற்றைத் தட்டையான மேடையுள்ள வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

காரைத் துடைத்துவைப்பதும் இந்தக் கதையிலிருந்து விலகிய விஷயமல்ல. புழுதி படிந்த கண்ணாடியில் எதிரே வரும் விளக்கொளி பட்டுச் சிதறும்போது, முன்னே நிற்கும் வண்டி கண்ணில் படாது. பின்விளக்கிலும் சிவப்புப் பிரதிபலிப்பானிலும் சேறு காய்ந்திருந்தால், நின்ற வண்டி இருளோடு இருளாகிவிடும். வேப்பமரத்தடியில் நிறுத்தப்படும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே சேரும் சருகு வடிகாலை அடைத்து, மழைநீரை உள்ளே திருப்பிவிடும். வாரக்கணக்கில் நகர்த்தாத வண்டியில் எலி குடியேறி ஒயரைக் கடித்துவைக்கும். சுத்தம் என்ற பெயரில் இன்ஜின் மீது அழுத்தமாகத் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, மின் இணைப்புகளை நனைத்து, சேவை நிலையத்தின் வாசலிலேயே வண்டி நின்றுபோவதும் நடப்பதுதான்.

எவ்வளவு நீரில் துடைப்பது என்பது இந்த வட்டாரத்தில் வெறும் சிக்கனக் கேள்வியாக இருக்க முடியாது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காக இரவு விழித்துக் காத்திருந்த குடியிருப்புகள் இவை. நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும் குழாயைக் கால்மணி நேரம் திறந்துவைத்தால் 150 லிட்டர். அதே கார் இரண்டு வாளி நீரிலும் இரண்டு துணியிலும் சுத்தமாகும்: ஒரு துணியால் ஊறவைத்துத் துடைத்து, இன்னொன்றால் ஈரத்தை ஒற்றியெடுக்கலாம். பெங்களூரு 2024 மார்ச்சில் குடிநீரால் கார் கழுவத் தடைவிதித்து 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. அது தட்டுப்பாடு முற்றியபின் எடுத்த நடவடிக்கை.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதையும் தாம்பரம் மாநகராட்சி பார்த்தாக வேண்டும். சிட்லப்பாக்கம் ஏரியின் உபரி சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம் பக்கத்து நீர்நிலைகளின் தொடர் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும் நிலவமைப்பு இது. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தெருவோர வாட்டர் வாஷ் கடைகளின் எண்ணெய்க் கசிவும் சோப்பு நுரையும் மழைநீர் வடிகாலில்தான் இறங்குகின்றன. வண்டலும் எண்ணெயும் தங்கும் ஒரு தொட்டி கட்டுவதைத் தொழில் உரிமத்துக்கு நிபந்தனையாக்கினால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வார வேண்டிய வடிகால்களின் நீளமாவது சற்றுக் குறையும்.